நூற்று நாற்பத்து மூன்று இடது கைகள்

எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். கேள்வி கேட்டதும் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. கையே தூக்காமல் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் திட்டு.

இதைத் தான் கண்டுபிடித்ததாகச் சகாயராணி டீச்சர் சொல்லிக்கொள்ள முடியாது. ஆய்வு அதிகாரி வரும் நாளுக்கென்று ஆசிரியர்கள் வழிவழியாகக் கைமாற்றிக்கொண்டு வரும் தில்லுமுல்லு அது. அதிகாரி ஒரு கேள்வி கேட்பார். முப்பத்து நான்கு கைகளும் ஒரே நேரத்தில் எழும்பும். டீச்சர் வலது கைக்காரர் ஒருவரை எழுப்புவார். பதில் கணீரென்று வரும். அதிகாரி மனம் நெகிழ்ந்து, “மாணவர்கள் துடிப்புடன் உள்ளனர்” என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு இளநீர் குடிக்கப் போய்விடுவார்.

சகாயராணி செய்த வித்தியாசம், அதிகாரி போன பிறகும் அதை நிறுத்தாமல் விட்டதுதான்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், அப்படியொரு ஆய்வு நாளில், பின்னக் கணக்கில் ஒரு கேள்வி. அதற்கு முந்தின நாள்தான் “புரிஞ்சுதா?” என்று கேட்டு, “புரிஞ்சுது டீச்ச்சர்” என்று வகுப்பே ராகம் போட்டுச் சொல்லியிருந்தது. இப்போது பார்த்தால் பத்தொன்பது இடது கைகள். அதிகாரிக்கு முன்னால், அச்சமில்லாமல், வெட்கமில்லாமல். “ஏம்மா இவ்வளவு பேர் இடது கையைத் தூக்குறாங்க?” என்று அதிகாரி கேட்டதற்கு, “வலது கையில பேனா இருக்கு சார்” என்று சமாளித்துவிட்டாள். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. டீச்சருக்கும் தங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு மறைவு கிடைத்தால் பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். பரீட்சைத்தாளில் சொல்லாததை, பெற்றவர்களிடம் சொல்லாததை, கையைத் தூக்கிச் சொல்கிறார்கள்.

அந்தப் பத்தொன்பதில் முதலில் எழும்பிய கை இசக்கிராஜுடையது. பின்னம் என்றால் அவனுக்குப் பேய். சகாயராணி மூன்று வாரம் மத்தியான இடைவேளையில் கடலை மிட்டாயை உடைத்து உடைத்து அவனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். அரைக்கால் என்பது காலைவிடச் சிறியது என்று பல்லில் கடித்துப் பார்த்துத்தான் அவன் ஒப்புக்கொண்டான்.

அதிலிருந்து அவள் தன் பாடக்குறிப்பு நோட்டின் பின்பக்கங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி ஒதுக்கி, இடது கை எழும்பும்போதெல்லாம் ஒரு கோடு போட்டுவந்தாள். மார்க் போட அல்ல. மறுநாள் யாருடைய பெஞ்சுக்குப் போய் உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

இப்படியிருக்கையில்தான் தெளிமானி வந்தது.

இந்த ஜூன் மாதம், பள்ளி திறந்த அன்று, மாலை மரியாதையுடன் வந்தது. சப்பாத்திக்கல் அளவில் ஒரு வட்டம், நடுவில் ஒற்றைக் கண்ணாடிக் கண், கீழே நூற்றுக்கு இத்தனை என்று ஒளிரும் எண். கரும்பலகைக்கு மேலே ஆணியடித்து மாட்டினார்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பாடம் புரிந்ததா இல்லையா என்று அது சொல்லிவிடும். இனித் தேர்வு கிடையாது, விடைத்தாள் கிடையாது. கற்றல் விளைவு மேம்பாட்டுக்கான மாநிலச் சிறப்பு அலுவலர் முனைவர் அறவாழி நேரில் வந்து ஐம்பது நிமிடம் பேசினார்.

“எடை மெஷின் வந்தபிறகு யாராவது மூட்டையைக் கையில தூக்கிப் பார்த்து எடை சொல்லுவாங்களா? ஆசிரியர் மதிப்பிடும் யுகம் முடிந்தது. மதிப்பீடு இனி மூச்சு விடுவதைப் போலத் தானே நிகழும்!”

கைதட்டல். தலைமையாசிரியர் தனுஷ்கோடி பூசணிக்காய் சுற்றி உடைத்து, தெளிமானிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். வைத்த இடம் சரியாகக் கண்ணாடிக் கண்ணின் நடுமத்தி. முதல் ஒரு வாரம், எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் மாணவர்களே இல்லை என்று தெளிமானி தலைநகரத்துக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. விளக்கம் கேட்டு ஓலை வந்த பிறகு, தனுஷ்கோடி சார் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டார்.

துடைத்ததும் எண் எழுந்தது. 97. மறுநாள் 98. எதை நடத்தினாலும், நடத்தாவிட்டாலும், 97, 98.

“டீச்சர், இது பாத்துக்கிட்டே இருக்கே. இடது கையைத் தூக்கலாமா?” என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

“அதுக்கு மூஞ்சிதான் தெரியும். கையெல்லாம் தெரியாது. நீங்க தூக்குங்க” என்றாள் சகாயராணி. அந்த நாளில் அது உண்மையும்கூட.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம், ஆசிரியர் அறை வாசலில் நெட்டையாக ஒருவன் வந்து நின்றான். கழுத்தில் தெளிமானிக் கம்பெனியின் அடையாள அட்டை. கையில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்ப் பொட்டலம்.

“டீச்சர், என்னைத் தெரியுதா?”

“உன் இடது கையைத் தூக்கு. சொல்லுதேன்.”

அவன் தூக்கினான். இருவரும் சிரித்தார்கள். சகாயராணிக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னத்தைக் கண்டு ஓடியவன், லட்சம் பிள்ளைகளின் படிப்பை அளக்கிற கம்பெனியில் பொறியாளர். பக்கத்து மேஜை ஹிந்தி டீச்சரைத் தட்டி எழுப்பி, “எங்கிட்டப் படிச்சவன்” என்று சொல்லிவைத்தாள்.

“ஏல இசக்கி, உங்க மெஷின் என்ன எப்பப் பார்த்தாலும் தொண்ணூத்தேழு காட்டுது?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “அதுக்குத்தான் டீச்சர் ஊர் ஊரா அலையுதேன். புரிஞ்ச முகம் எது, புரியாத முகம் எதுன்னு மெஷினுக்கு முதல்ல யாராவது காட்டணும்லா? டீச்சர்மாரக் கேட்டோம். அவங்க பிள்ளைங்கள ‘புரிஞ்சுதா’ன்னு கேட்டாங்க. பிள்ளைங்க ‘புரிஞ்சுது’ன்னுச்சு.”

“அதையே மெஷினுக்குச் சொல்லிட்டீங்க.”

“ஆமா. இப்ப எந்த மூஞ்சியப் பாத்தாலும் புரிஞ்சுதுங்குது. ஒரு ஸ்கூல்ல லீவு நாள்ல வாட்ச்மேன் தாத்தா மின்விசிறி அணைக்க வகுப்புக்குள்ள வந்திருக்காரு. போர்டை ஒரு பார்வை பாத்திருக்காரு. இயற்கணிதம் தொண்ணூத்தாறுன்னு போட்டிருக்கு.”

சகாயராணிக்குக் கடலை மிட்டாய் புரையேறியது. அவன் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, மிட்டாய்த் தாளை மடித்துக்கொண்டே சொன்னான்: “ஆறு மாசத்துல சரியாகலன்னா ஒப்பந்தம் போயிரும் டீச்சர். என் வேலையும்தான். அது கிடக்கட்டும்... இன்னும் இடது கை இருக்கா?”

“அது இல்லாம நான் எத வச்சுல பாடம் நடத்த?”

“மூணு நாள் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிடட்டா? பழைய ஞாபகத்துக்கு.”

“நோட்டு, கேமரா ஒண்ணும் கொண்டாரக் கூடாது.”

“வெறுங்கையோட வாரேன் டீச்சர்.”

வெறுங்கையோடுதான் வந்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கடைசி பெஞ்சில் முழங்கால் முட்ட அவன் உட்கார்ந்ததும், பிள்ளைகளுக்குள் ஒரு சலசலப்பு. கயல்நிதி எழுந்தாள். இட்லிக்கடை மாரியின் மகள். எதையும் நேராகக் கேட்கிறவள்.

“டீச்சர், இந்த அண்ணன் இங்க படிச்சவர்னு சொன்னீங்க. அப்ப இவருக்குக் கை விஷயம் தெரியும்லா? இவர் முன்னாடி எந்தக் கையைத் தூக்க?”

“தெரியலன்னா இடது கைதான். இவர் நம்ம ஆளு.”

கயல்நிதி ஒரு கணம் யோசித்தாள். பிறகு உட்கார்ந்தாள். சகாயராணி சொன்னால் சரி.

அந்த வாரம் குறை எண்களின் பெருக்கல். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ். விதியைச் சொன்னதும் இருபத்தெட்டு வலது கைகள் எழும்பின. ஆறு இடது கைகள், அவற்றில் ஒன்று கயல்நிதியுடையது.

“விதி தெரியாதா?”

“விதி தெரியும் டீச்சர். ஏன்னுதான் தெரியல.”

மறுநாளும் இடது. மூன்றாம் நாள் சகாயராணி பலகையில் ஒரு தண்ணீர்த் தொட்டி வரைந்தாள்.

“தொட்டியில ஓட்டை. நிமிஷத்துக்கு மூணு லிட்டர் போகுது. அது மைனஸ் மூணு. இன்னும் நாலு நிமிஷம் கழிச்சுன்னா பிளஸ் நாலு. நாலு நிமிஷத்துக்கு முந்தின்னா?”

“மைனஸ் நாலு.”

“அப்ப நாலு நிமிஷத்துக்கு முந்தி தொட்டியில எவ்வளவு இருந்திருக்கும்?”

கயல்நிதியின் நெற்றி சுருங்கியது. கண் தொட்டியின் ஓட்டையிலேயே நின்றது. வகுப்பு மூச்சு விடாமல் அவளைப் பார்த்தது. அவளுடைய இடது கை மெல்ல இறங்கியது, வலது கை ஏறியது.

“இப்ப இருக்கிறத விடப் பன்னெண்டு லிட்டர் கூட இருந்திருக்கும் டீச்சர்! அதான் பிளஸ்!”

கடைசி பெஞ்சிலிருந்து இசக்கிராஜ் எழுந்து நின்று கை தட்டினான். பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். போகும்போது சகாயராணியின் காலைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனான். ஹிந்தி டீச்சருக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

நவம்பரில் தெளிமானிக்கு மேம்பாடு வந்தது. ஒரே ராத்திரியில் எண் 98-லிருந்து 61-க்கு இறங்கியது. மாநிலம் முழுக்க அதிர்ச்சி, பிறகு பெருமிதம். முனைவர் அறவாழி மறுபடி வந்தார். இம்முறை எழுபது நிமிடம்.

“இயந்திரம் முதிர்ச்சி அடைந்துவிட்டது! மனிதக் கண்ணுக்குத் தப்பும் குழப்பத்தின் நுண்ரேகைகளை அது தானாகவே, யார் துணையுமின்றி, கண்டறிந்துவிட்டது!”

பேச்சு முடிந்து தலைமையாசிரியர் அறையில் ஒரு பட்டியலை நீட்டினார். ‘ஆ’ பிரிவிலிருந்து ஒன்பது பெயர். திங்கட்கிழமை முதல் அவர்கள் ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள அடித்தளப் பிரிவுக்குப் போவார்கள். அங்கே கணிதம் கிடையாது, அன்றாடக் கணக்கு உண்டு. அறிவியல் கிடையாது, சுகாதாரப் பழக்கங்கள் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு அங்கிருந்து திரும்பிவர வழி வகுக்கப்படவில்லை.

முதல் பெயர் கயல்நிதி.

“சார், இது தப்பு. எங்க வகுப்பிலேயே நல்லாப் படிக்கிற பிள்ளை இவதான்.”

“நீங்க அப்படி உணரலாம்மா. தரவு அப்படி உணரல.” அறவாழி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். “ஜூன் முதல் இன்றுவரை, இம்மாணவிக்குப் புரியாமல் போன தருணங்கள் நூற்று நாற்பத்து மூன்று.”

“நூத்து நாப்பத்து மூணு தடவ புரியலன்னு ஒத்துக்கிட்டிருக்கா சார். ஒத்துக்கிட்ட பிறகு நூத்து நாப்பத்து மூணு தடவ புரிஞ்சுக்கிட்டிருக்கா. அத உங்க மெஷின் எண்ணலியா?”

“ஒத்துக்கிட்டாளா? யாருகிட்ட?”

சகாயராணி கையிலிருந்த பாடக்குறிப்பு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். தனுஷ்கோடி சார் ஜன்னலைப் பார்த்தபடி, “துறை முடிவு பண்ணிருச்சு டீச்சர்” என்றார். சந்தனம் துடைத்த கைக்குட்டையால் இப்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வகுப்புக்குத் திரும்பி நடக்கையில்தான் அந்த எண் அவளைப் பிடித்து இழுத்தது. நூற்று நாற்பத்து மூன்று. பாடக்குறிப்பு நோட்டைத் திருப்பினாள். கயல்நிதியின் வரியில் ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். எண்ணினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. நூற்று நாற்பத்து மூன்று. பட்டியலில் அந்தோணி ரிதிக் எண்பத்தெட்டு, நோட்டிலும் எண்பத்தெட்டு. சமீரா நூற்றுப் பன்னிரண்டு, நோட்டிலும் அதே. முகத்தைப் பார்த்துச் சொல்கிற மெஷின் என்றால் நாலைந்தாவது கூடும், குறையும். இது முகம் பார்த்ததல்ல. கை எண்ணியது.

செல்போனை எடுத்தாள். இரண்டாவது அழைப்பிலேயே எடுத்துவிட்டான்.

“டீச்சர்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். பாத்தீங்களா, எவ்வளவு துல்லியம்!”

“நீ வெறுங்கையோட வாரேன்னு சொன்ன.”

“வெறுங்கையோடதானே டீச்சர் வந்தேன். வீடியோ ஏற்கெனவே எங்ககிட்ட இருந்துச்சு. ஜூன்லருந்து இருந்துச்சு. நம்ம வகுப்புல மட்டும்தான் உண்மை இருக்குன்னு எனக்குத் தோணிச்சு. அது இன்னும் நடக்குதான்னு ஒரு தடவ கண்ணால பாக்க வேண்டியிருந்துச்சு, அவ்வளவுதான். மத்த ஸ்கூல்ல எல்லாம் பிள்ளைங்க பொய் சொல்லும். உங்க பிள்ளைங்க மட்டும்தான் நிஜத்தச் சொல்லும்.” அவன் குரலில் உற்சாகம் திரும்பியது. “இடது கை எழும்புற நேரத்து மூஞ்சிய மெஷினுக்குக் காட்டினோம். முதல் வாரம், இடது கையால எழுதுற பிள்ளைங்கள எல்லாம் மக்குன்னுச்சு. அதைச் சரி பண்ணிட்டோம். உங்க வகுப்புக்கு இதுவரைக்கும் கையத்தான் எண்ணினோம். இனி கையே வேண்டாம் டீச்சர். நெத்தி சுருங்கும், கண்ணு போர்டுல ஒரே இடத்துல நிக்கும். அதுதான் புரியாத மூஞ்சி. பளிச்சுன்னு பிடிச்சிருது.”

“ஏல, அது யோசிக்கிற மூஞ்சில.”

மறுமுனையில் அவன் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

“ஒன்பது பிள்ளைங்களக் கொண்டுபோறாங்க இசக்கி.”

“பிரிவு பிரிக்கிறது துறை டீச்சர். நாங்க அளந்து குடுக்கறதோட சரி. எங்க அறிக்கையில உங்க பேர நன்றி சொல்ற பக்கத்துல முதல்ல போட்டிருக்கேன்.”

“அந்த வருஷம் உன்னை இப்படிக் கொண்டுபோயிருந்தா?”

சிரிக்க முயன்றான். “அப்ப இந்த மெஷின் இல்லியே டீச்சர். தப்பிச்சேன்.”

சகாயராணி போனை அணைத்தாள். கடலை மிட்டாயின் அரைக்கால் துண்டைக் கடித்துவிட்டு, “சின்னதாத்தான் டீச்சர் இருக்கு” என்று சொன்ன பையனைத் திட்ட அவளுக்குப் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். கையை யார் காட்டிக்கொடுத்தது, மெஷின் எதைப் பார்க்கிறது, எல்லாவற்றையும். “நான்தான் அவர நம்ம ஆளுன்னு சொன்னேன்” என்று முடித்தாள். யாரும் அழவில்லை, யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கயல்நிதி மட்டும் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, “நீங்க சொன்னதாலதான் டீச்சர் தூக்கினேன்” என்றாள். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. கணக்கில் ஒரு படியைச் சொல்வதுபோல் சொன்னாள்.

திங்கட்கிழமை ஒன்பது இடங்கள் காலி. அன்று புதிய பாடம், சமன்பாடு. சகாயராணி நடத்தினாள், கேட்டாள்: “புரிஞ்சுதா?”

இருபத்தைந்து வலது கைகள்.

முகங்களைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருபத்தைந்து நெற்றிகள், ஒரு சுருக்கம் இல்லை. கண்கள் பலகையில் எங்கும் நிற்காமல் மெதுவாக உலாவிக்கொண்டிருந்தன. யாரும் யோசிக்கவில்லை. வேண்டுமென்றே, ஒழுங்காக, கூட்டாக யோசிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பலகைக்கு மேலே எண் 99.

தெரிந்தே தப்பாக ஒரு வரி எழுதினாள். யாராவது கேட்பார்கள் என்று நின்றாள். இருபத்தைந்து பேரும் அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்கள். 99.

ஒரு மாதம் அப்படியே போனது. அவள் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. கோரஸை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற டீச்சர்களில் அவளும் ஒருத்தியாகிவிட்டாள். மாவட்டத்தின் முதல் பள்ளி என்று கேடயம் வந்தது. முனைவர் அறவாழி தொண்ணூறு நிமிடம் பேசி, அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடையில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடி சார் அதை நைசாகக் கிள்ளியெடுத்தார்.

பிள்ளைகளிடம் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் அவள் கவனித்திருந்தாள். கணக்குப் பாடத்தின்போது சிலருடைய ஜியாமெட்ரி பெட்டி மேஜைமேல் திறந்திருக்கும், சிலருடையது மூடியிருக்கும். பாடத்துக்குப் பாடம் ஆள் மாறும். கவனித்தாள், அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

கேடயம் வாங்கிய அன்று பொன்னாடையைப் பைக்குள் திணித்துக்கொண்டு சாயங்காலம் பேருந்து நிறுத்தம் வழியாக நடந்தாள். நிழற்குடைக்குப் பின்னால், ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில், பத்துப் பன்னிரண்டு சீருடைகள் வட்டமாகக் குந்தியிருந்தன. நடுவில் கயல்நிதி, மடியில் ‘ஆ’ பிரிவுப் பிள்ளை யாருடையதோ கணக்கு நோட்டு. அவளும் அந்தோணி ரிதிக்கும் சமீராவும் ஆறு கிலோமீட்டர் பேருந்தில் வந்திருக்கிறார்கள். கயல்நிதி தரையில் சாக்பீஸால் ஒரு தராசு வரைந்து, இரண்டு தட்டிலும் கூழாங்கல் வைத்திருந்தாள். சுற்றிலும் திறந்த ஜியாமெட்ரி பெட்டிகள்.

“அன்னைக்கு டீச்சர் போர்டுல எழுதினது தப்புடே. இந்தப் பக்கம் ரெண்டக் கழிச்சா அந்தப் பக்கமும் கழிக்கணும்ல? எடுத்துப் பாரு” என்று அந்தோணி ரிதிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏன் கழிக்கணும்?” என்றான் அவன். நெற்றி அப்படிச் சுருங்கியிருந்தது. சமீரா உதட்டைக் கடித்தபடி கூழாங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முகமும் கோணிப்போய், கசங்கிப்போய், அத்தனை அழகாக இருந்தது.

மூடிய பெட்டி என்றால் புரிந்தது. திறந்த பெட்டி என்றால் சாயங்காலம் இங்கே வா. இப்போது விளங்கிவிட்டது. ஒரு மாதமாகத் தன் கண்ணுக்கு முன்னாலேயே பேசிக்கொண்டிருக்கிறார்கள். தன்னிடம் அல்ல.

சகாயராணிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு கூழாங்கல்லை எடுக்க வேண்டும்போல் இருந்தது. இரண்டடி முன்னால் வைத்தாள். அவள் நிழல் தராசின்மேல் விழுந்தது.

டப், டப், டப்பென்று பெட்டிகள் மூடின. எல்லோரும் எழுந்து நின்றார்கள். சுருக்கங்கள் இஸ்திரி போட்டதுபோல் மறைந்தன.

“வணக்கம் டீச்ச்சர்.”

“என்ன பாடம் நடக்குது?” என்று கேட்டாள். குரல் தன்னுடையதுபோல் இல்லை, ஆய்வுக்கு வந்தவர் குரல்போல் இருந்தது.

“ஒண்ணுமில்ல டீச்சர்” என்றாள் கயல்நிதி, மரியாதையாக. “எல்லாம் புரிஞ்சுது.”

அவர்களுடைய கண்களில் பகை இல்லை. அதிகாரி வந்தால் எப்படி நிற்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று சகாயராணி வருஷா வருஷம் கற்றுக்கொடுத்த பார்வை அது. ஒரு பிழையும் இல்லாமல் கற்றிருந்தார்கள்.

“சரி, சரி. நேரத்தோட வீட்டுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஆட்டோக்களைத் தாண்டி, பெட்டிக்கடையைத் தாண்டித் தெருத் திரும்பும்வரை பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

திரும்பிய பிறகுதான் ஒவ்வொன்றாகப் பெட்டிகள் திறக்கிற சத்தம் கேட்டது.